ஓடையை அடைத்த கையெழுத்து

"செடி விஷயமெல்லாம் கடைசியில பாத்துக்கலாம் மேடம். முதல்ல சிவில் வேலை முடியட்டும்."

இந்த வாக்கியத்தை எத்தனை அலுவலக அறைகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. சொன்னவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். கட்டடத்துக்கு வெளியே கிடக்கும் மண், அதன்மேல் ஓடும் தண்ணீர், நிற்கும் மரம், நடக்கும் ஆள், மேயும் மாடு, இவையெல்லாம் ஓர் ஊருக்குள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க வழி பார்த்து வரைவது என் வேலை. சென்னையில் ஐந்து வருடம் கட்டடக்கலை, அப்புறம் டெல்லியில் இரண்டு வருடம் இந்தப் படிப்பு. இவ்வளவும் படித்துவிட்டு ஊர் திரும்பினால், எங்கள் தெருவில் எனக்குக் கிடைத்த பட்டம் 'பூச்செடி இன்ஜினியர்'. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் மாமி என் அம்மாவிடம், "செடி வைக்கிறதுக்கா பிள்ளைய டெல்லி வரைக்கும் அனுப்புனீக?" என்று கேட்டார். அவருக்கு ஊற்றி வைத்திருந்த டீயை நான் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

தேனி தனி மாவட்டமாகி ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம். பள்ளத்தாக்கு முழுக்கக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அலுவலகம், கல்யாண மண்டபம், லாட்ஜ், எதுவானாலும் முன்னால் ஒரே மாதிரி கொரியன் புல், ஒரே மாதிரி நெட்டிலிங்க வரிசை. வயலுக்கே முறை வைத்துத் தண்ணீர் விடுகிற இடத்தில் புல்லுக்குக் காலையும் மாலையும் குழாய் பிடித்தார்கள். அந்தப் புல்லை விரித்துக் கொடுத்துத்தான் முதல் மூன்று வருடம் நானும் பிழைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னை யாரும் பெரிய நியாயவாதி என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஊர் தேனிக்கும் கூடலூருக்கும் நடுவே இருக்கிறது. பெயர் எழுதவில்லை. அந்த வழியில் இருக்கும் எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் நடந்திருக்கக் கூடிய கதைதான் இது. அத்தா (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அங்கே சிமென்ட், கம்பி, பைப் விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு மேல் மாடியில் ஓர் அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். அதுதான் என் அலுவலகம். கீழே சிமென்ட் மூட்டை இறங்கும் புழுதி மேலே என் வரைபடங்கள் மேல் படியும். தினமும் தட்டிவிட்டுத்தான் வரைய உட்காருவேன்.

ஊரின் கிழக்கு ஓரத்தில் ஒரு கண்மாய். மேற்கே மலையடிவாரத்தில் பெய்யும் மழை ஓர் ஓடையாகத் திரண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறமாக இறங்கி, அந்தக் கண்மாயில் விழும். விழுகிற இடத்தில் ஓடை முப்பது அடி அகலம். அதை ஒட்டிச் சற்றுப் பள்ளத்தில் ஒரு தெரு. நகராட்சியில் குப்பை அள்ளுகிறவர்களும், திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களும் அங்கே குடியிருந்தார்கள். கண்மாயை 'அழகுபடுத்த' நகராட்சிக்கு ஒரு திட்டம் வந்தது. வரைந்து கொடுக்க உள்ளூரில் ஆள் இருக்கிறதே என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு நகரத்தின் தண்ணீரைக் கையில் எடுத்துப் பார்க்கும் வேலை. அதற்காகத்தானே படித்தேன் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஓடையோரம் நடந்தேன். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள விளக்குக் கம்பங்களில் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டுக்கொண்டே போனேன். மூன்றாவது கம்பத்தில் கோடு போடும்போது பின்னால் ஒரு குரல்.

"ஏம்மா, கம்பத்துக்கு எதுக்குப் பெயின்ட் அடிக்கிறீக?"

என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். திராட்சையைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போய்வந்த கையோடு நின்றார். விரல் நுனியெல்லாம் கறுப்பாகக் கறை பிடித்திருந்தது.

"தண்ணி எம்புட்டு ஒசரம் வருதுன்னு பாக்கத்தான்க்கா."

அவர் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. அதற்கு ஒரு சாண் மேலே இன்னொன்று.

"கீழ இருக்கது போன வருசம் வந்த தண்ணி. மேல இருக்கது நான் வாக்கப்பட்டு வந்த வருசம். பெயின்ட்ட எதுக்கு வீணாக்குறீக? தெருவுல ஒவ்வொரு வீட்டுச் செவத்துலயும் எழுதியிருக்கு, வந்து பாருங்க."

அன்றைக்கு அந்தத் தெருவின் நாற்பது வீட்டுச் சுவர்களையும் டேப் பிடித்து அளந்தேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஓடை ஒரு கல் தடுத்தாலும் இடது பக்கம்தான் திரும்பும், இடது பக்கம் இருப்பது தெரு என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். அந்த அக்காவை அதன்பின் பலமுறை பார்க்கப் போனேன். அவர் ஒருபோதும் என்னைப் பூச்செடி இன்ஜினியர் என்று சொன்னதில்லை. 'இன்ஜினியரம்மா' என்பார், கொஞ்சம் கிண்டலாக.

என் வரைபடத்தில் ஓடையின் வாய் முப்பது அடியும் அப்படியே திறந்திருந்தது. வாயில் கோரையும் நாணலும் அடர்ந்த ஒரு சதுப்பு. குப்பையும் சாக்கடைக் கசடும் அங்கே தங்கி, தெளிந்த தண்ணீர் கண்மாய்க்குள் போகும். கரை சிமென்ட் இல்லாத சரிவு. ஆடு மாடு இறங்கலாம், துணி துவைக்கிறவர்களுக்குப் படி உண்டு. கரை நெடுக மருதும் நாவலும் புங்கையும். ஓடையைக் கடக்க ஒரு நடைபாலம். நகரமன்றக் கூட்டத்தில் அதை விரித்துக் காட்டினேன். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒப்புதல் முத்திரை குத்தி ஒரு நகலை என் கையில் கொடுத்தார்கள். அந்த நகலைத் தகரக் குழாயில் சுருட்டிப் போட்டு மாடியில் வைத்தேன்.

நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆணையர் இருந்தார், பொறியாளர் இருந்தார், ஒப்பந்தக்காரர் இருந்தார். மேஜையில் புது வரைபடம். என் வரைபடத்தின் மேல்தான் வரைந்திருந்தார்கள். கண்மாயைச் சுற்றி எட்டடிக் கல் சுவர். ஓடை வாயில் மண் நிரப்பி, மேலே வரிசையாகக் கடைகள். தண்ணீர் போக மண்ணுக்கு அடியில் இரண்டு குழாய்.

"ஓடை எங்கே சார்?" என்று கேட்டேன்.

"இருக்கே மேடம். உள்ள போகுது." பொறியாளர் பேனா முனையால் இரண்டு சின்ன வட்டங்களைத் தொட்டுக் காட்டினார்.

"முப்பது அடி ஓடையை ரெண்டு குழாய்ல விடுறீங்க. ஐப்பசியில மலைத்தண்ணி வந்தா நேரா அந்தத் தெருவுக்குள்ளதான் போகும்."

"வருசத்துல ரெண்டு நாள் வர்ற தண்ணிக்காக முப்பதடி இடத்தைச் சும்மா போட முடியுமா? ஊர் வளருது மேடம்."

"தெரு?"

"அதெல்லாம் பட்டா இல்லாத எடம்." இதைச் சொன்னது ஒப்பந்தக்காரர். ஆணையர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, மறுக்கவும் இல்லை.

நான் எழுந்தேன். ஆணையர் உட்காரச் சொன்னார். திறப்பு விழாவுக்குப் பெரிய இடத்திலிருந்து தேதி வாங்கியாகிவிட்டது, வடிவமைத்தவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டால்தான் திருத்தம் செல்லும், போடாவிட்டால் வேறு ஒருவரை வைத்து முழுவதையும் புதிதாக வரைந்துவிடுவோம் என்றார். பிறகு குரலைத் தணித்து, "கிழக்குக் கரையை முழுசா உங்ககிட்ட விட்டுர்றேன். உங்க மரம், உங்க நாணல், எல்லாம் நீங்க சொன்னபடி. கையெழுத்துப் போடலேன்னா அங்கயும் டைல்ஸ்தான்" என்றார்.

நான் போட்டேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. ஒரு கரைக்கு ஆசைப்பட்டு ஓடையை விட்டுக் கொடுத்தேன். முழுதும் போவதற்குப் பாதியாவது மிஞ்சட்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது புத்திசாலித்தனமாகத் தோன்றியது. வீட்டுச் சுவர்களில் டேப் பிடித்த கை என் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. வந்தும் போட்டேன்.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. கிழக்குக் கரையில் சொன்னபடி என் மரக்கன்றுகள் நின்றன. மற்ற இடமெல்லாம் நீரூற்று, சிமென்ட்டில் செய்த இரண்டு மான்கள், ஒரு கொக்கு. நிஜக் கொக்குகள் வந்திறங்கிய சதுப்பை மண் போட்டு மூடிவிட்டு அதன் மேல் சிமென்ட் கொக்கு நிறுத்தியிருந்தார்கள். வாசலில் கறுப்புக் கல்லில் பெயர்கள். கடைசி வரியில் 'வடிவமைப்பு' என்று போட்டு என் பெயர். சுவருக்குச் சிமென்ட் அத்தாவின் கடையிலிருந்துதான் போனது. அத்தா விழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா என்னைத் தேடி வந்தார். மாலை வெயிலில் சுவரோரமாக நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"தண்ணிக்கு வழி எங்கன விட்டிருக்கீக?"

"ரெண்டு குழாய் போட்டிருக்குக்கா, அடியில."

"பாத்தேன். அதுக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி போகும். ஓடையில வர்றது ஆட்டுக்குட்டியா?"

பெரிய குழாய்தான் அக்கா, கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். பொய். நான் போட்ட கணக்கு அதற்கு நேர் எதிராக இருந்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த ஐப்பசியில் அந்த மழை வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மலை கறுத்தது. மூன்றரைக்கு ஓடையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. வாழைத்தண்டும் பிளாஸ்டிக் பையும் முள்ளுமாக உருட்டிக்கொண்டு வந்து குழாய் வாய்களில் அப்பியது. தண்ணீர் சுவரில் முட்டியது, நின்றது, பிறகு இடது பக்கம் திரும்பியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தெருவுக்குள் இடுப்பளவு. நான் குடையைப் போட்டுவிட்டு ஓடியபோது பெண்கள் கதவுகளைக் கழற்றி அதன்மேல் வயசானவர்களை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு மண்சுவர் என் கண் முன்னால் உட்கார்ந்தது. அக்காவின் வீட்டில் கட்டிப் போட்டிருந்த இரண்டு ஆடுகளும் கயிற்றோடு மிதந்தன. மாலை நேரங்களில் அவர் துணி தைக்கும் தையல் மெஷின் சேற்றுக்குள் தலைகீழாகக் கிடந்தது.

யாரும் சாகவில்லை. அதனாலேயே அது பெரிய செய்தியாகவில்லை. ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தி. 'பூங்கா வடிவமைப்பில் குளறுபடி' என்று தலைப்பு. வடிவமைப்பாளர் ஓடைக்குப் போதிய வழி விடவில்லை என்று நகராட்சி வட்டாரம் சொன்னதாம்.

அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். ஆணையர் அறைக்கு வெளியே என்னை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். உள்ளே விட்டபோது அவர் கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது; கத்துவதற்கு அந்தக் கையெழுத்து விடவில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியாது. அவர்கள் மேல் பாதி என்றால் என் மேல் பாதி.

நேரே தெருவுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று நகராட்சி மாடிப்படி இறங்கும்போது தோன்றத்தான் செய்தது. தெருவில் பாய், தலையணை, புத்தகம், ரேஷன் அரிசி எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா வாசலில் உட்கார்ந்து தையல் மெஷினின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பெண்கள்.

"பேப்பர்ல ஒங்கள எழுதியிருக்காகளாம்ல" என்றார், தலை நிமிராமல்.

"ஆமாக்கா. நான் வரைஞ்சதுல ஓடை அப்படியே இருந்துச்சு. அவுகதான் மாத்துனாக."

"மாத்துனதுக்குக் கையெழுத்து யாரு போட்டா?"

"நான்தான்."

"குழாய் பத்தாதுன்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

ஒருத்தர் எழுந்து போய்விட்டார். இன்னொருத்தர், "படிச்ச மூதேவி" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அழுகாதீக. ஒங்க அழுகைய வச்சு நாங்க என்ன செய்ய? அடைச்சது நீங்க. தெறக்குறதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க."

கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம். நாற்பது வீட்டிலும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, நான் என் பங்கை மறைக்காமல் எழுதி, பழைய வரைபடத்தின் பிரதியையும் சேர்த்தேன். மனு சுற்றியது. நகராட்சிக்கே வந்தது. ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். நிதி ஒதுக்க வேண்டும் என்றார்கள். சுவரை இடிக்கத் தனியாகத் திட்ட அறிக்கை தயாரிக்க வேண்டும், அதற்கு ஒரு வடிவமைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுவதற்கு வரைபடத்தில் இரண்டு வட்டம் போதும். இடிக்க ஓர் அறிக்கை வேண்டும். அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. வானொலியில் இன்னொரு புயல் சின்னம் என்றார்கள்.

அன்று காலை அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும் அத்தா கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் மாடியிலிருந்து இறங்கினேன். அத்தா கல்லாவில் இருந்தார். அந்தச் சுவர் விஷயமாக அவரும் நானும் சில வாரங்களாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. "ஒப்பந்தக்காரனப் பகைச்சுக்கிட்டு நான் எங்கன யாவாரம் பண்ண? நீ ஒரு மனு குடுத்ததுக்கே அவன் லாரி வேற கடைக்குப் போகுது" என்று ஒருமுறை சாப்பிடும்போது கத்தியிருந்தார். "உங்க சிமென்ட்ல கட்டுன சுவர்தான் அது" என்று நானும் கத்தியிருந்தேன்.

"என்னம்மா, எல்லாரும் வந்திருக்காக?" என்று கேட்டார்.

"கடப்பாரை வேணும் அத்தா. ஆறு."

"எதுக்கு?"

"சுவரை உடைக்க."

அத்தா பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து குடோனுக்குள் போனார். ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து சுவரோரம் சாய்த்து வைத்தார். ஏழு இருந்தது.

"ஆறுதான் அத்தா கேட்டேன்."

"ஒனக்கு வேண்டாமா?" என்றார். "பன்னெண்டடிக்கு ஒரு தூண் இருக்கு, அதத் தொடாதீக, கம்பி போட்டிருக்கான். நடுவுல வெறும் கல்லுதான், கலவையும் நான் குடுத்த அளவுக்குப் போடல அந்தப் பய."

காலை ஒன்பது மணிக்கு, ஊர் பார்க்க, ஓடை வாயில் சுவரை உடைக்க ஆரம்பித்தோம். முன்னால் கொட்டியிருந்த மண்ணை ஐப்பசி வெள்ளமே பாதி அரித்துப்போயிருந்தது. ஏழு பேராக இருந்தது பதினைந்து ஆனது. குப்பை அள்ளப் போன ஆண்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்கள். என் கை ஒரு மணி நேரத்தில் கொப்புளம் கட்டிவிட்டது. திராட்சை அடுக்கும் பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் கல் உள்பக்கமாகக் கண்மாயில் விழுந்த சத்தத்துக்குத் தெருவே கூச்சல் போட்டது.

பதினொரு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி, "நிறுத்துங்க! யாரும்மா இங்கன லீடர்?" என்றார்.

அக்கா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "மழைதான் சார்" என்றார். "சாயங்காலம் வரும், கேட்டுக்கங்க."

நான் தகரக் குழாயிலிருந்து வரைபடத்தை உருவி ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தேன். "சார், நகரமன்றம் ஒப்புதல் குடுத்த வரைபடம் இது. முத்திரை பாருங்க. இந்த இடத்துல சுவரே கிடையாது. அதன்படிதான் வேலை நடக்குது."

அவர் முத்திரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசப் போனார். அவர் பேசி முடிப்பதற்குள் பன்னிரண்டு அடி திறந்துவிட்டது. நாங்கள் நிறுத்தினோம். பிறகு எல்லோரையும் வேனில் ஏற்றினார்கள். மாலை வரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். நாலு மணிக்கு மழை வந்தது. ஸ்டேஷன் ஜன்னலில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆறு மணிக்கு அத்தா நனைந்துகொண்டு வந்தார், எல்லோருக்கும் பரோட்டா பார்சலோடு. தெருவில் தண்ணீர் கணுக்காலோடு நின்றுவிட்டது, மற்றதெல்லாம் கண்மாய்க்குள் போய்விட்டது என்றார். என்னைத் திட்டிய அந்தப் பெண் பரோட்டாவைப் பிட்டு முதல் வாயை எனக்கு ஊட்டினார்.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக எங்கள் பதினைந்து பேர் மேலும் வழக்கு. எனக்கு அரசாங்க வேலை எதுவும் தரக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. எழுத்தில் இல்லை, ஆனால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்திருந்தது. அடுத்த சில வருடங்கள் குமுளிப் பக்கம் விடுதிகளுக்கும், உள்ளூரில் இரண்டு மூன்று பள்ளிக்கூடங்களுக்கும் வரைந்து கொடுத்தேன். வாய்தா நாட்களில் பதினைந்து பேரும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போவோம். அன்றைக்குக் கூலி போய்விடும் என்று ஒருவர்கூட என்னிடம் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்தது. மண் போட்டு மூடியவன் ஒருவன்கூட அந்தக் கோர்ட் வாசலை மிதிக்கவில்லை.

உடைத்த இடைவெளியை நகராட்சி அடைக்கவில்லை. கடைகளும் வரவில்லை. மழை மண்ணை அரித்து வாயை இன்னும் அகலமாக்கியது. கோரை தானாக வந்தது. நாணலை மட்டும் நானும் அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் நட்டோம். இரண்டாம் வருடம் நீர்க்கோழி குஞ்சு பொரித்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே சென்னையில் நகர நீர்நிலைகள் பற்றி ஒரு கருத்தரங்கு. குமுளியில் எனக்கு வேலை கொடுத்த ஒருவர் அழைப்பு அனுப்பியிருந்தார். போனேன். மேடையில் பேச வந்தது எங்கள் பழைய ஆணையர். பதவி உயர்ந்து, கொஞ்சம் தலை நரைத்திருந்தார். சிறு நகரங்களில் இயற்கையோடு இயைந்த வளர்ச்சி என்று பேசிக்கொண்டே ஒரு படத்தைத் திரையில் போட்டார். உடைந்த சுவர், நடுவே நாணல், நீர்க்கோழி.

"மக்கள் பங்கேற்போட ஓடையின் வாயைத் திறந்து விட்டோம்" என்றார். "இது எங்க முன்னோடித் திட்டம்."

நான் எழுந்தேன்.

"ஐயா, அந்தச் சுவரை உடைச்சதுக்கு எங்க பதினஞ்சு பேர் மேல உங்க அலுவலகம் கொடுத்த புகார்ல இன்னும் வழக்கு நடக்குது. வர்ற செவ்வாய்க்கிழமை வாய்தா. முன்னோடித் திட்டம்னு நீங்க வந்து சாட்சி சொன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்."

யாரோ கைதட்ட, ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடுங்கித் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். ஆணையர் என் பக்கம் திரும்பாமலே மேடைக்குப் பின்வழியாகப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் வழக்கு வாபஸ் ஆனது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் அக்கா சிரிப்பார்.

இரண்டாயிரத்துப் பத்தில் பள்ளத்தாக்கின் இன்னொரு நகரத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அங்கேயும் ஒரு கண்மாய், அங்கேயும் அழகுபடுத்தும் திட்டம். வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு நிபந்தனையோடு பதில் எழுதினேன்: வரைபடத்தில் தண்ணீரை ஒட்டிக் குடியிருப்பவர்கள் முதலில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குக் கீழேதான் என்னுடையது. பதில் வரவில்லை. வேலை வேறு ஊர் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. அங்கேயும் கரையில் சுவருக்குக் கயிறு கட்டி அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் அன்றைக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை மடித்து வைத்தார்.

"அந்தக் கண்மாய்க்குப் பக்கத்துல யாரு குடியிருக்காக?"

"தெரியலக்கா. போய்த்தான் பாக்கணும்."

"அப்ப வாங்க. டேப்ப எடுத்துக்கங்க."

பத்தே கால் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் அவர் அந்த ஊரில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மடியில் காகிதத்தை வைத்துக் குறித்துக்கொண்டேன்.